வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே இல்லாத சிகாகோ மேயர் தேர்தல்: இது சரிதானா?

ஏரிக்கரை:

வணக்கம். சிகாகோவின் வடகோடியில், ரோஜர்ஸ் பார்க்கில் இருக்கிறேன். குடியுரிமை வாங்கி நான் போட்ட முதல் ஓட்டு, 2023 பிப்ரவரி 28 அன்று நடந்த மேயர் தேர்தலில். அன்று மனதில் விழுந்த கேள்வி இன்னும் போகவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

வாக்குச்சீட்டைக் கையில் வாங்கினேன். மேயர் பதவிக்கு ஒன்பது பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் நிரப்புவதற்கு ஒரு சிறு வட்டம், அவ்வளவுதான். டெமாக்ரட், ரிபப்ளிக்கன், சுயேச்சை எதுவும் அச்சாகவில்லை. கீழே வந்தால் நகர எழுத்தர், பொருளாளர், நகர சபைக்கு எங்கள் வார்டின் உறுப்பினரான ஆல்டர்மேன், அப்புறம் அந்த வருடம்தான் முதல்முறையாக வந்த போலீஸ் மாவட்டக் கவுன்சில். எல்லா இடத்திலும் வெறும் பெயர்கள். மேயருக்கு நிற்பவர்களைப் பற்றி ஒரு மாதமாகப் படித்துவிட்டுப் போயிருந்தேன், அதனால் சமாளித்தேன். போலீஸ் கவுன்சில் பகுதிக்கு வந்ததும் பேனா அப்படியே நின்றுவிட்டது. யாரையும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு துப்பும் இல்லை.

வீட்டுக்கு வந்து குவிந்த விளம்பர அட்டைகளும் குழப்பத்தைத்தான் கூட்டின. பால் வாலஸ் தன்னை வாழ்நாள் முழுக்க டெமாக்ரட் என்றார். எதிர்த்தரப்பு 2009-இல் அவர் கொடுத்த பேட்டி ஒன்றைத் தோண்டி எடுத்தது. அதில் தான் டெமாக்ரட் என்பதைவிட ரிபப்ளிக்கன் என்று சொல்வதே பொருந்தும் என்ற பொருளில் பேசியிருந்தார். பிராண்டன் ஜான்சனும் டெமாக்ரட், பதவியில் இருந்த லோரி லைட்ஃபுட்டும் டெமாக்ரட், ஹேசூஸ் கார்சியா அந்தக் கட்சியின் நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினர். வாலஸுக்குப் பின்னால் போலீஸ் சங்கம், ஜான்சனுக்குப் பின்னால் ஆசிரியர் சங்கம். என்னைப் போன்றவர்களுக்குக் கடைசியில் அந்தச் சங்கங்கள்தான் கட்சிச் சின்னம் மாதிரி ஆகிவிட்டன.

முடிவு உங்களுக்குத் தெரியும். முதல் சுற்றில் வாலஸ் 33 சதவீதம், ஜான்சன் 22, லைட்ஃபுட் 17, கார்சியா 14. பாதிக்கு மேல் யாரும் வாங்காததால் ஏப்ரல் 4 அன்று முதல் இருவருக்கும் இரண்டாம் சுற்று. அதில் ஜான்சன் 52-48 என்று ஜெயித்தார்.

என் கருத்து இது: மேயரையும் கட்சியோடுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரை மறைத்தால் கட்சி காணாமல் போகாது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை முழுவதும் ஓட்டுப் போடுபவர் தலையில் விழுகிறது. இரண்டு வேலை பார்க்கிறவர் எப்போது உட்கார்ந்து இதையெல்லாம் தேடுவார்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாற்பது பனிக்காலம்:

அம்மா, நான் இந்த ஊருக்கு வந்தது 1981-இல். கட்சிப் பெயர் அச்சாகி வந்த காலத்தையும் பார்த்தவன். நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டுமானால் 1983-இலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தப் பிப்ரவரியில் டெமாக்ரட் கட்சிக்குள் மேயர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல். மேயராக இருந்த ஜேன் பெர்ன், பழைய மேயர் டேலியின் மகன் ரிச்சர்ட் எம். டேலி, ஹெரால்ட் வாஷிங்டன் என்று மூன்று பேர். வாஷிங்டன் கறுப்பினத்தவர், மற்ற இருவரும் வெள்ளையர். வாஷிங்டனுக்கு 36 சதவீதம், பெர்னுக்கு 34, டேலிக்கு 30. அதிக ஓட்டு வாங்கியவர் வேட்பாளர் என்பதுதான் அன்றைய விதி. வாஷிங்டன் வேட்பாளர் ஆனார்.

அதுவரை இந்த ஊரில் டெமாக்ரட் வேட்பாளர் என்றால் மேயர் என்றே அர்த்தம். 1931-க்குப் பிறகு ரிபப்ளிக்கன் மேயரே கிடையாது. 1979-இல் பெர்ன் 82 சதவீதம் வாங்கினார், எதிரில் நின்ற ரிபப்ளிக்கனுக்குக் கிடைத்தது 16. அதே ஊர், அதே கட்சிப் பெயர்கள், நான்கே வருடம் கழித்து 1983 ஏப்ரலில் ரிபப்ளிக்கன் பெர்னார்ட் எப்டன் வாங்கியது 48 சதவீதம். தலைமுறை தலைமுறையாக டெமாக்ரட்டுக்குப் போட்ட வெள்ளையர் வார்டுகள் அப்படியே மறுபக்கம் சாய்ந்தன. குருத்தோலை ஞாயிறு அன்று வாஷிங்டனும் முன்னாள் துணை ஜனாதிபதி மான்டேலும் வடமேற்கில் செயின்ட் பாஸ்கல் தேவாலயத்துக்குப் போனபோது வெளியே கூடியிருந்த கூட்டம் கத்தி விரட்டியதை டிவியில் பார்த்தேன். நான் அப்போது ஒரு வெள்ளையர் பகுதியில் வாடகைக்கு இருந்தவன். மறுநாள் வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஆகவே ஒன்றைக் கவனியுங்கள். சீட்டில் கட்சிப் பெயர் பளிச்சென்று அச்சாகி இருந்தபோதே மக்கள் அதைத் தாண்டி வேட்பாளரின் தோலைப் பார்த்துப் போட்டார்கள். பெயரை அச்சடித்துவிட்டால் எல்லாம் தெளிவாகிவிடும் என்ற உங்கள் நம்பிக்கையை என்னால் ஏற்க முடியவில்லை.

வாஷிங்டன் 51.7 சதவீதத்தில் ஜெயித்தார். உடனே தொடங்கிவிட்டது அடுத்த பேச்சு. இரண்டு வெள்ளையர் ஓட்டைப் பிரித்துக்கொண்டதால்தான் அவர் வந்தார், கட்சிப் பெயரை எடுத்துவிட்டு இரண்டு சுற்று வைத்தால் இப்படி நடக்காது என்றார்கள். 1986-இல் இதற்காக டேலி தரப்பு கையெழுத்து வாங்கி மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவரப் பார்த்தது. ஒரு தேர்தலில் மூன்று கேள்விகளுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது சட்டம். வாஷிங்டன் தரப்பு நகர சபையில் வேறு மூன்று கேள்விகளை நிறைவேற்றி இடத்தை அடைத்துவிட்டது. அடுத்த வருடம் பெர்னோடு நேருக்கு நேர் மோதிய உட்கட்சித் தேர்தலிலும் வாஷிங்டன் பாதிக்கு மேல் வாங்கி ஜெயித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லணும். அதே 1987 நவம்பரில் அலுவலக மேசையிலேயே சரிந்து இறந்துபோனார்.

கடைசியில் 1995-இல், மாநில சட்டசபை இரண்டு அவைகளும் ரிபப்ளிக்கன் கையில் இருந்தபோது இந்தச் சட்டம் வந்தது. 1999 முதல் நடைமுறை. அதற்குள் மேயராகிவிட்டிருந்த மகன் டேலி அன்று 72 சதவீதம் வாங்கினார், இரண்டாம் சுற்றுக்கு வேலையே இல்லை.

பாயூ:

ஹூஸ்டனிலிருந்து. எங்கள் ஊரிலும் சீட்டில் கட்சி கிடையாது. 2023 டிசம்பர் இரண்டாம் சுற்றில் ஜான் விட்மயரும் ஷீலா ஜாக்சன் லீயும் மோதினார்கள். இருவரும் பல பத்தாண்டு டெமாக்ரட்கள். ரிபப்ளிக்கன் ஓட்டர்களுக்குச் சொந்த ஆள் இல்லை, அவர்கள் விட்மயர் பக்கம் திரண்டார்கள், அவர் 64 சதவீதத்தில் ஜெயித்தார். இது எனக்கு நல்லதாகத்தான் பட்டது. கட்சித் தேர்தலாக இருந்திருந்தால் அந்த ஓட்டர்கள் தோற்கப்போகும் ஒரு ரிபப்ளிக்கனுக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஊரின் மேயர் யார் என்பதில் அவர்களுக்கும் ஒரு சொல் இருக்க வேண்டாமா?

ஏரிக்கரை அக்கா, நீங்கள் சொல்லும் பக்கத்துக்கும் ஒரு உதாரணம் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. டல்லாஸ் மேயர் எரிக் ஜான்சன், மாநில சட்டசபையில் டெமாக்ரட்டாக இருந்தவர். 2023 மே மாதம் சீட்டில் எதிர்ப்பெயரே இல்லாமல் மறுபடி தேர்வானார். செப்டம்பரில் ரிபப்ளிக்கன் கட்சிக்கு மாறிவிட்டேன் என்று அறிவித்தார். சட்டப்படி ஒரு தப்பும் இல்லை, ஏனென்றால் அவர் எந்தக் கட்சியின் பெயரிலும் ஓட்டுக் கேட்கவில்லை. அங்கே இருக்கும் என் நண்பர் அன்று இரவு ரொம்ப நேரம் போனில் பேசினார். நாலு மாதம் முன்பு நான் போட்ட ஓட்டு யாருக்குப் போனது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

நீலக்கோடு:

நான் 2023-இல் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். இல்லினாயில் மேல்நிலைப் பள்ளி மாணவர்களும் வாக்குச்சாவடி அலுவலராக உட்காரலாம், அப்படி உட்கார்ந்தேன். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறக்கணும், அதற்காக ஐந்து மணிக்கே போய்விட்டோம். பூங்கா ஒன்றின் உடற்பயிற்சிக் கூடம். கூடைப்பந்துக் கோடுகளுக்கு மேல் மடக்கு மேசைகள்.

முதலில் எனக்கே ஆச்சரியமாக இருந்த ஒரு விஷயம். கட்சி சார்பற்ற தேர்தல் என்கிறோம், ஆனால் சாவடி அலுவலர்களைக் கட்சி வாரியாகத்தான் நியமிக்கிறார்கள். இரண்டு பெரிய கட்சிகளின் ஆட்களும் ஒவ்வொரு சாவடியிலும் இருக்கணும். யாராவது சீட்டை நிரப்ப உதவி கேட்டால் இரு கட்சியிலிருந்தும் ஒவ்வொருவர் கூடப் போகணும். சீட்டில் இல்லாத கட்சி எங்கள் மேசையில் உட்கார்ந்திருந்தது.

பதினொரு மணி இருக்கும். எண்பது வயது தாண்டிய ஒரு பெரியவர் வந்தார். கண்ணாடியில் ஆவி படிந்து எதுவும் தெரியவில்லை, மேசையோரம் நின்று கழுத்துத் துணியால் துடைத்துக்கொண்டே என்னிடம், இதில் டெமாக்ரட் யார் யார் என்று காட்டு தம்பி என்றார். நான் சொல்லக் கூடாது. தெரிந்தாலும் சொல்லக் கூடாது. சீட்டில் இருப்பதை வேண்டுமானால் படித்துக் காட்டலாம் என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. தடுப்புக்குள் போய் ரொம்ப நேரம் நின்றார்.

வெளியே வந்து இயந்திரத்தில் சீட்டை விட்டதும் அது ஒலி எழுப்பித் திருப்பிக் கொடுத்தது. மேயருக்கு இரண்டு வட்டத்தை நிரப்பியிருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரே சொன்னார்: அடுத்த சுற்றுக்கு இரண்டு பேர் போவார்கள் என்றால் இரண்டு பேரைத்தானே தேர்ந்தெடுக்கணும்? யோசித்தால் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பழைய சீட்டை ரத்து செய்து புதிது கொடுத்தோம். மறுபடி உள்ளே போய் மறுபடி அத்தனை நேரம் நின்றார்.

அவர் படிக்காதவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோட்டுப் பையில் மடித்த செய்தித்தாள் இருந்தது, அதில் வேட்பாளர் படங்கள் இருந்த பக்கம் மேலே தெரிந்தது.

ஏரிக்கரை:

நீலக்கோடு தம்பி, நான் தடுப்புக்குள் நின்றதை நீங்கள் வெளியே இருந்து பார்த்த மாதிரி இருக்கிறது.

ஐயா, 1979-க்கும் 1983-க்கும் நடுவில் நடந்ததை நீங்கள் எழுதியதைப் படித்து என் நிலைப்பாட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்து யோசித்தேன். ஆனால் அதிலிருந்தே ஒரு எதிர்க்கேள்வியும் வருகிறது. கட்சிப் பெயர் இருந்தபோதே நிறம் பார்த்துப் போட்டார்கள் என்றால், கட்சிப் பெயரையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? வெறும் பெயர். பெயரைப் பார்த்தாலே இவர் போலந்து வழியா, ஐரிஷா, மெக்சிகோவா என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். டேலி என்ற பெயருக்கே எத்தனை ஓட்டு! துப்பை எடுத்துவிட்டால் மக்கள் வேறு துப்பைத் தேடுகிறார்கள், அது பெரும்பாலும் இன்னும் மோசமான துப்பு.

மில்வாக்கி மேசை:

பக்கத்து ஊர்க்காரன், இதில் கலந்துகொள்ளலாமா? இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதற்கு எங்கள் ஊர் நல்ல சாட்சி.

1910-இல் மில்வாக்கியில் எமில் சைடல் மேயர் ஆனார், சோஷலிஸ்ட் கட்சி. அமெரிக்கப் பெருநகரம் ஒன்றில் அந்தக் கட்சிக்குக் கிடைத்த முதல் மேயர். 1912-இல் டெமாக்ரட்களும் ரிபப்ளிக்கன்களும் கை கோத்து ஒரே ஆளை நிறுத்தி அவரைத் தோற்கடித்தார்கள். அந்தச் சமயத்திலேயே விஸ்கான்சினில் நகரத் தேர்தல்களிலிருந்து கட்சிப் பெயரை எடுக்கும் சட்டமும் வந்தது. ஊழலை ஒழிக்க, ஊர் நிர்வாகத்தைக் கட்சிப் பெரும்புள்ளிகளிடமிருந்து மீட்க என்று நல்ல காரணங்களும் சொன்னார்கள். அதை உளமார நம்பிய சீர்திருத்தக்காரர்கள் நாடெங்கும் இருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் எங்கள் ஊரில் யாரை வெளியே நிறுத்த அது வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். 1916-இல் டேனியல் ஹோன், அவரும் சோஷலிஸ்ட், சீட்டில் கட்சிப் பெயர் இல்லாமலே ஜெயித்தார். 1940 வரை, 24 வருடம் மேயர். எப்படி? அந்தக் கட்சிக்காரர்கள் ஞாயிறு காலையில் வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் போட்டார்கள், வீட்டுக்கு எந்த மொழியோ அந்த மொழியில். ஜெர்மன் வீட்டுக்கு ஜெர்மன், போலந்து வீட்டுக்குப் போலிஷ். சீட்டில் இல்லாததை வாசற்படியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அக்கா சொன்ன சங்கங்கள் 2023-இல் செய்ததும் இதே வேலைதான். சங்கம் இல்லாத, அமைப்பு இல்லாத ஓட்டரைத்தான் யாரும் வந்து பார்ப்பதில்லை. என் கவலை அவர்களைப் பற்றித்தான்.

ஆரஞ்சுமரம்:

லாஸ் ஏஞ்சலஸ். எங்களுக்கு 1909-லிருந்தே இப்படித்தான், இதை நல்ல ஏற்பாடு என்று நினைப்பவன் நான். குப்பை எடுப்பது, பஸ், தண்ணீர், தீயணைப்பு இவற்றில் வாஷிங்டன் டி.சி. சண்டை எதற்கு?

2022-ஐப் பாருங்கள். வணிக வளாகங்கள் கட்டிப் பெரும் பணக்காரரான ரிக் கரூசோ முன்பு ரிபப்ளிக்கன். தேர்தலில் குதிப்பதற்குச் சற்று முன்பு டெமாக்ரட்டாகப் பதிவை மாற்றிக்கொண்டார். 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார். சீட்டில் கட்சி இல்லை, பணம் கொட்டுகிறது, ஏமாற எல்லா வழியும் இருந்தது. ஆனாலும் அவரை எதிர்த்து நின்ற கேரன் பாஸ் கிட்டத்தட்ட 55-45 என்று ஜெயித்தார். மக்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

எதனால் முடிந்தது என்றால், தேர்தல் நாளை மாற்றினோம். 2015-இல் நகர சாசனத்தைத் திருத்தி மேயர் தேர்தலை மாநிலத் தேர்தலோடு சேர்த்தோம். 2013 இரண்டாம் சுற்றில் 23 சதவீதம் பேர்தான் வந்தார்கள், 2017-இல் 20. நவம்பருக்கு மாற்றிய பிறகு 2022-இல் ஏறத்தாழ 44. உங்கள் ஊரில் 2023 பிப்ரவரியில் 36, ஏப்ரலில் 39 என்று நினைவு. அதே சிகாகோவில் 2020 ஜனாதிபதித் தேர்தலுக்கு 73 சதவீதம் பேர் வந்தார்கள். நடுங்கும் குளிரில் தேர்தல் வைத்துவிட்டுச் சீட்டில் என்ன அச்சடிக்கலாம் என்று பேசுவது எனக்குப் புரியவில்லை.

நாற்பது பனிக்காலம்:

தம்பி, அந்தக் குளிருக்கும் ஒரு கதை இருக்கிறது. 1979 ஜனவரியில் பெரும் பனிப்புயல். மேயர் பிலாண்டிக்கின் நிர்வாகம் பனியை அள்ளவில்லை. தெருவெல்லாம் மூடிக் கிடந்தது, பஸ்ஸும் ரயிலும் தடுமாறின, கறுப்பின மக்கள் வசித்த பகுதிகளில் ரயில் நிற்காமலே போனது. பிப்ரவரி கடைசியில் உட்கட்சித் தேர்தல். ஷூவில் பனி ஒட்டிக்கொண்டே வந்து மக்கள் ஓட்டுப் போட்டார்கள், ஊரைக் கையில் வைத்திருந்த கட்சி அமைப்பின் ஆளான பிலாண்டிக் தோற்றார், பெர்ன் வந்தார். நவம்பரில் வைத்திருந்தால் அந்தக் கோபம் உருகிப் போயிருக்கும். ஆனால் 36 சதவீதத்தைப் பார்க்கும்போது நீங்கள் சொல்வதுதான் சரி என்று எனக்கும் படுகிறது.

இரண்டாம் சுற்றைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். 1995 சட்டத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கின்றன. ஒன்று கட்சிப் பெயரை எடுப்பது. இன்னொன்று பாதிக்கு மேல் வாங்கினால்தான் மேயர் என்பது. முதலாவது பிடிக்காதவர்கள் இரண்டாவதையும் சேர்த்துத் திட்டுகிறார்கள்.

2015-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதைய மேயர் ராம் இம்மானுவேல் 2013-இல் ஒரே வீச்சில் சுமார் 50 பள்ளிக்கூடங்களை மூடியவர். பெரும்பாலும் தெற்கிலும் மேற்கிலும் ஏழைப் பிள்ளைகள் படித்தவை. முதல் சுற்றில் 46 சதவீதம். பழைய உட்கட்சி முறையாக இருந்தால் அதோடு முடிந்தது. இரண்டு சுற்று இருந்ததால் கார்சியாவோடு ஆறு வாரம் மோத வேண்டி வந்தது. சிகாகோ மேயர் தேர்தலில் இரண்டாம் சுற்று வந்ததே அதுதான் முதல்முறை. யாரையும் மதிக்காமல் பேசுகிறவர் என்று பெயர் வாங்கிய மனிதர் டிவியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தன் குறையை ஒத்துக்கொண்டார். 56-44 என்று அவர்தான் ஜெயித்தார், ஆனால் வந்து கேட்க வைத்தோம்.

ஒரு விஷயம் மட்டும் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. 2014 அக்டோபரில் லக்குவான் மெக்டானல்ட் என்ற 17 வயதுப் பையனைப் போலீஸ்காரர் ஒருவர் 16 தடவை சுட்டுக் கொன்றார். காணொளி இருந்தது. தேர்தல் நடந்த இரண்டு சுற்றிலும் அது வெளியே வரவில்லை. ஏப்ரல் 7 தேர்தல். ஏப்ரல் 15 அன்று நகர சபை குடும்பத்துக்கு 50 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புதல் தந்தது. நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு நவம்பர் 24 அன்றுதான் காணொளி வந்தது. நான் இம்மானுவேலுக்குப் போட்டவன். அந்தக் காணொளியைப் பார்த்திருந்தால் போட்டிருக்க மாட்டேன். ஏரிக்கரை அம்மா கேட்கும் துப்பு, கட்சிப் பெயர் என்ற ஒற்றைச் சொல்லில் அடங்குவதில்லை.

நீலக்கோடு:

ஐயா, உங்கள் முடிச்சைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் ஒரு வழி தெரிகிறது. ஒரே சீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போடும் முறை. சான் ஃபிரான்சிஸ்கோவிலும் ஓக்லாந்திலும் மேயரை அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், இரண்டு ஊரிலும் சீட்டில் கட்சி கிடையாது. ஓக்லாந்தில் 2010-இல் முதல் விருப்பத்தில் டான் பெராட்டா 34 சதவீதம், ஜீன் குவான் 24. மற்றவர்கள் ஒவ்வொருவராக நீங்கி அடுத்த விருப்பங்களை எண்ணி முடித்தபோது குவான் 51-49 என்று முன்னுக்கு வந்தார். இரண்டு பேரை நிரப்பிய அந்தப் பெரியவர் ஒரு தப்பும் செய்யாதவராகியிருப்பார். எண் போட்டிருந்தால் போதும்.

2019-ஐயும் நினைத்துப் பாருங்கள். 14 பேர் நின்றார்கள். லைட்ஃபுட் 17.5, டோனி பிரெக்விங்கிள் 16. இரண்டையும் கூட்டினால் மூன்றில் ஒரு பங்குதான். மிச்சம் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் தாங்கள் தேர்ந்தெடுக்காத இருவரில் ஒருவரை ஏப்ரலில் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. லைட்ஃபுட் 50 வார்டுகளிலும் ஜெயித்தார், 74 சதவீதம். நாலு வருடம் கழித்து முதல் சுற்றில் 17 சதவீதத்தோடு வெளியே போனார். அந்த 74-இல் எத்தனை பேர் உண்மையிலேயே அவரை விரும்பியவர்கள் என்று அன்றே தெரிந்திருந்தால் அவருக்கே உதவியாக இருந்திருக்கும்.

பாயூ:

வரிசை போட 14 பேரைப் பற்றியும் தெரிந்திருக்கணுமே தம்பி. அக்காவின் பேனா இன்னும் அதிக நேரம் நிற்கும்.

ஏரிக்கரை:

நிற்கும்தான். ஆனால் ஒன்பது பேரில் ஒருவரை எடுத்துவிட்டு, மற்ற எட்டுப் பேரில் எனக்குப் பயமாக இருந்தவர் யார் என்று சொல்ல இடமே இல்லையே என்று அன்று தோன்றியது. அதற்கு இடம் கிடைக்கும் என்றால் இன்னும் ஒரு மாதம் சேர்த்துப் படிப்பேன்.

எல்லாருடைய பதிலையும் படித்த பிறகு என் நிலை மாறியிருக்கிறது, அதை நேராகச் சொல்லிவிடுகிறேன். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற விதி இருக்கட்டும். அது வந்த காரணம் நல்லதல்ல, ஐயா சொன்னது எனக்குப் புரிகிறது. ஆனால் கறுப்பினத்தவர் ஒருவர் வரக் கூடாது என்று யோசித்து வைத்த கதவு வழியாகவே 2019-இலும் 2023-இலும் கறுப்பின மேயர்கள் வந்தார்கள். 2019-இல் இரண்டாம் சுற்றுக்கு வந்த இருவருமே கறுப்பினப் பெண்கள். கட்சிப் பெயரைப் பொறுத்தவரை எனக்கு இன்னும் வருத்தம்தான். மின்னியாபோலிஸில் வேட்பாளர் தான் விரும்பும் கட்சிப் பெயரையோ கொள்கையையோ சில சொற்களில் சீட்டில் எழுதிக்கொள்ளலாம். அந்த அளவாவது இங்கே வரட்டும். சீட்டு ஸ்பானிஷ், சீனம், இந்தி என்று பல மொழிகளில் கிடைக்கிறது. அத்தனை மொழியிலும் அதே ஒன்பது பெயர்களைத்தான் எழுதுகிறோம், அவர்கள் யார் என்பதை எந்த மொழியிலும் எழுதுவதில்லை.

தேர்தல் நாளை நவம்பருக்கு மாற்ற வேண்டும் என்பதில் ஆரஞ்சுமரம் பக்கம். 2024 நவம்பரில் பள்ளிக் கல்வி வாரியத்துக்கு முதல்முறையாகத் தேர்தல் வைத்தார்கள், அதுவும் கட்சி இல்லாத தேர்தல், ஜனாதிபதித் தேர்தல் நாளிலேயே. அன்று எங்கள் சாவடியில் வரிசை கதவுக்கு வெளியே வரை இருந்தது. 2023-இல் நான் போனபோது எனக்கு முன்னால் இரண்டு பேர்.

அடுத்தது 2027 பிப்ரவரி. அதற்குள் இதெல்லாம் மாறப் போவதில்லை. அதுவரை நான் என்ன செய்யலாம்?

நாற்பது பனிக்காலம்:

அம்மா, மேயருக்கு நிற்க 12,500 செல்லுபடியாகும் கையெழுத்து வேண்டும். செல்லாதவை என்று எதிரிகள் ஒவ்வொரு வரியையும் கேள்வி கேட்பார்கள், அதனால் மூன்று மடங்கு வாங்க அலைவார்கள். தேர்தலுக்கு முந்தைய இலையுதிர் காலம் முழுக்க ரயில் நிலைய வாசலிலும் கடைத்தெருவிலும் அட்டையும் பேனாவுமாக நிற்பார்கள், மோர்ஸ் நிலையத்தடியில் நானே பார்த்திருக்கிறேன். ஒரு பதவிக்கு ஒரு வேட்பாளருக்குத்தான் நாம் கையெழுத்துப் போட முடியும். ஆகவே உங்கள் கையெழுத்து அவர்களுக்கு அருமையானது, நின்று பேசுவார்கள். போடுவதற்கு முன்னால் கேளுங்கள்: உங்கள் ஆள் கடைசியாக எந்தக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டார்? இந்த மாநிலத்தில் யார் எந்தக் கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கினார் என்பது பதிவில் இருக்கும். பதில் தெரியாது என்று சொன்னால், விசாரித்துக்கொண்டு நாளைக்கு வாருங்கள், நான் இதே ரயிலில்தான் வருவேன் என்று சொல்லுங்கள்.

நீலக்கோடு:

அப்படிச் சொன்னால் உண்மையிலேயே திரும்பி வருவார்கள் அக்கா. 2022 அக்டோபரில் என் அம்மா அப்படிச் சொல்லிவிட்டு வந்தார், மறுநாள் மாலை அந்தப் பெண் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து நின்றாள். அம்மா வீட்டுக்கு வந்து அந்தத் தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்து எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்.